தண்ணீரில் ஓடுமா வண்டி?

(ஓட்டுநர் தோழர்கள் கேட்டுக்கொண்டதற்கிணங்க, சங்கத்தின் ஞாயிறு மாலைக் கூட்டத்தில் செயற்குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



இன்று நாம் பேச வந்திருப்பது ஒரு பாட்டிலைப் பற்றி. உள்ளே நாலைந்து எஃகுத் தகடு, மேலே இரண்டு ஒயர், ஒரு ரப்பர் குழாய். அதில் தண்ணீர் ஊற்றி, ஒரு சிட்டிகை சோடா உப்புப் போட்டு, ஒயரை பேட்டரியோடு இணைத்து, குழாயை எஞ்சின் காற்று இழுக்கிற வாயில் செருகிவிட வேண்டுமாம். பெட்ரோல் செலவு பாதியாகக் குறையுமாம். அடுத்த ஆண்டு பெரிய பாட்டில் வருமாம்; அதன்பிறகு பெட்ரோலே வேண்டாமாம். விலை பதினெட்டாயிரம் ரூபாய். நம் பகுதியில் பதினான்கு பேர் முன்பணம் கட்டியிருக்கிறார்கள். இதுவரை பாட்டில் கைக்கு வந்தது மூன்று பேருக்கு.

பணம் கட்டாத தோழர்கள் சிலர் செயற்குழுவிடம் வந்து, "சேமநல நிதியிலிருந்து கடன் கொடுங்கள், நாங்களும் வாங்கிக் கொள்கிறோம்" என்றார்கள். விற்பவரும் ஆள் அனுப்பினார். சங்கத்தின் மூலமாக விற்றால் பாட்டிலுக்கு இவ்வளவு என்று சங்கத்துக்கு நன்கொடை தருவாராம். செயற்குழுவில் இதைப்பற்றி இரண்டு அமர்வுகள் விவாதித்தோம். ஒரு மனதாக முடிவெடுத்தோம் என்று சொல்ல முடியாது. காரசாரமாகத்தான் நடந்தது. பாட்டில் மாட்டிய ஒரு தோழர் அதைக் கழற்றி மேசை மேலேயே வைத்து ஒயரைத் தொட்டுக் காட்டி, "குமிழி வருதே அண்ணாச்சி! கண்ணால பாக்கோமே!" என்றார்.

குமிழி வருவது உண்மை. அதை யாரும் மறுக்கவில்லை. 1800-ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் நிக்கல்சன், கார்லைல் என்ற இருவர் தண்ணீருக்குள் மின்சாரத்தைச் செலுத்தி இதே குமிழியைப் பார்த்துவிட்டார்கள். தண்ணீர் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று ஹைட்ரஜன். நம் பழைய பாடப் புத்தகங்களில் அதற்கு நீரகம் என்று பெயர். லவாய்சியர் வைத்த பெயருக்கும் நீரை உண்டாக்குவது என்றுதான் பொருள். இன்னொன்று பிராணவாயு. ஹைட்ரஜன் எரியும், பிராணவாயு எரியவைக்கும். பாட்டிலில் பொய் எதுவும் இல்லை, தோழர்களே. பொய் இருப்பது வரவு செலவுக் கணக்கில்.

அடுப்பில் விறகு எரிந்து முடிந்தால் மிஞ்சுவது சாம்பல். அந்தச் சாம்பலை அள்ளி மறுபடி அடுப்பில் போட்டுச் சோறு பொங்குவோம் என்று எந்த வீட்டிலாவது சொல்வார்களா? தண்ணீர் என்பது ஹைட்ரஜன் எரிந்து முடிந்த சாம்பல். ஒரு கிலோ ஹைட்ரஜன் எரிந்தால் ஒன்பது கிலோ தண்ணீர் கிடைக்கிறது; அப்போது ஏறக்குறைய 39 யூனிட் ஆற்றல் வெளிவருகிறது. அந்த ஒன்பது லிட்டர் தண்ணீரைத் திரும்பப் பிரிக்க வேண்டுமானால் குறைந்தது அதே 39 யூனிட்டை நாம் உள்ளே போட்டாக வேண்டும். நடைமுறையில் இருக்கிற பெரிய ஆலைகளில் 50 யூனிட்டுக்கு மேலேயே ஆகிறது. எந்த வழியாகப் பிரித்தாலும் இந்தக் கணக்கு மாறாது. ஆற்றலைப் புதிதாகப் படைக்க முடியாது என்று 1840-களில் மாயர், ஜூல், ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆகியோர் நிறுவியதை இன்றுவரை எந்த எஞ்சினும் மீறவில்லை.

சரி, பாட்டிலுக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது? "பேட்டரியிலிருந்து." பேட்டரியை நிரப்புவது யார்? டைனமோ. டைனமோவைச் சுற்றுவது யார்? பெல்ட். பெல்ட்டைச் சுற்றுவது? எஞ்சின். எஞ்சின் குடிப்பது? பெட்ரோல்! சுற்றிச் சுற்றி வந்த இடத்துக்கே வந்துவிட்டோம்.

எண்களாகவும் சொல்லிவிடுகிறோம், பேப்பரில் எழுதிக்கொள்கிறவர்கள் எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பாட்டில் 12 வோல்ட்டில் 15 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 180 வாட். அதிலே ஒரு மணி நேரத்தில் உண்டாகிற ஹைட்ரஜன் ஏறக்குறைய மூன்று கிராம். அதை எரித்தால் கிடைக்கிற சூடு, பத்து பதினோரு மில்லி பெட்ரோல் எரிந்தால் கிடைக்கிற சூட்டுக்குச் சமம். பிள்ளைக்கு மருந்து கொடுக்கிற தேக்கரண்டியில் இரண்டு! அந்த 180 வாட்டை உண்டாக்க எஞ்சின் எவ்வளவு குடிக்கும்? பெட்ரோலில் உள்ள ஆற்றலில் நாலில் ஒரு பங்குதான் எஞ்சினில் சுழற்சியாக மாறுகிறது. அதிலும் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் டைனமோவில் மின்சாரமாகிறது. அப்படிப் பார்த்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 140 மில்லி. 140 மில்லியைக் கொடுத்துப் பத்து மில்லியை வாங்குவதற்குப் பதினெட்டாயிரம் ரூபாய் கட்டியிருக்கிறோம். வட்டிக்கடைக்காரன்கூட இப்படி ஒரு கணக்குப் போட்டதில்லை.

"அப்படியானால் மாட்டிய பிறகு மைலேஜ் கூடியதே, அது எப்படி?" என்று மூவரில் ஒருவர் கேட்டார். அவர் பொய் சொல்லவில்லை. நல்ல உழைப்பாளி. பாட்டில் மாட்டுகிற அன்றே விற்பவரின் மெக்கானிக் ஏர் ஃபில்டரைத் துடைத்தார், பிளக்கை மாற்றினார், டயரில் காற்றடித்தார். "மெல்ல ஓட்டுங்கள், அறுபதைத் தாண்டாதீர்கள், அப்போதுதான் வேலை செய்யும்" என்றும் சொல்லிவிட்டுப் போனார். பாட்டில் இல்லாமலே இதையெல்லாம் செய்தால் எந்த வண்டியும் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கும். அதற்குமேல், பதினெட்டாயிரம் போட்டவர் மனம் எந்தப் பக்கம் சாயும் என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தண்ணீருக்கும் எஞ்சினுக்கும் சம்பந்தமே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. இரண்டாம் உலகப் போரில் சண்டை விமானங்களின் எஞ்சினுக்குள் தண்ணீரும் மெத்தனாலும் கலந்து பீய்ச்சினார்கள். எஞ்சின் சூடு தணியும், தட்டல் அடங்கும், இன்னும் கொஞ்சம் முடுக்க முடியும். அங்கே தண்ணீர் எரிபொருள் அல்ல. வேர்வை துடைக்கிற துண்டு. அதே போர்க்காலத்தில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது நம் ஊர்ப் பக்கம் கரி பஸ் ஓடியது. பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பின்னால் பெரிய பீப்பாயில் அடுப்புக்கரியைக் கனலவிட்டு, அந்த வாயுவில் ஓட்டினார்கள். கனலும் கரிமேல் நீராவி பட்டால் அதிலிருந்து ஹைட்ரஜனும் வரும்தான். ஆனால் ஆற்றலைக் கொடுத்தது கரி. கரி தீர்ந்தால் பஸ் நின்றுவிடும். தண்ணீர் எவ்வளவு இருந்தாலும் நகராது.

இந்த இடத்தில் பாகிஸ்தானில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். நம் அண்டை வீடு. அவர்கள் கதையில் நம் முகமும் தெரியும்.

2012 ஜூலை. அங்கே நாள் முழுதும் மின்வெட்டு. உலகிலேயே மிக அதிகமாக சி.என்.ஜி. வண்டிகள் ஓடிய நாடுகளில் ஒன்று அது. வாரத்தில் சில நாட்கள் பங்க்குகளையே மூடினார்கள். மற்ற நாட்களில் மைல் கணக்கில் வரிசை. அந்த வேளையில் சிந்து மாநிலம் கைர்பூரைச் சேர்ந்த ஆகா வகார் அகமது என்ற டிப்ளமோ படித்த இயந்திரப் பொறியாளர், தண்ணீரிலேயே கார் ஓட்டும் கருவி கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னார். இஸ்லாமாபாதில் நாடாளுமன்ற உறுப்பினர்கள் முன்னால் ஓட்டிக் காட்டினார். அமைச்சர் குர்ஷீத் ஷா ஆதரித்தார். மத்திய அமைச்சரவையே இதைப்பற்றி விவாதித்தது. தொலைக்காட்சியின் பெயர்பெற்ற செய்தியாளர்கள் அந்தக் காரில் ஏறி உட்கார்ந்து படம் பிடித்தார்கள்.

சாதாரண மக்கள் நம்பினார்கள் என்றால் வியப்பில்லை. அணுகுண்டுத் திட்டத்தின் தலைமகன் அப்துல் காதிர் கானும் இதில் மோசடி இல்லை என்று பேசினார் என்பதுதான் வேதனை. எதிர்த்துப் பேசியவர்கள் சிலரே. வேதியியல் அறிஞர் அத்தாவுர் ரகுமான், இது இயற்பியல் விதிக்கே புறம்பானது என்று தொலைக்காட்சியிலேயே வாதாடினார். இயற்பியல் பேராசிரியர் பர்வேஸ் ஹூட்பாய் பத்திரிகையில் எழுதினார். நாட்டுப்பற்று இல்லாதவர்கள், ஏழை வீட்டுப் பிள்ளையின் முன்னேற்றம் பொறாதவர்கள் என்றெல்லாம் இத்தகையவர்கள்மீது வசை வந்து விழும். எந்த ஊரிலும் அதுதான் வழக்கம்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. கராச்சியிலோ லாகூரிலோ தண்ணீரில் கார் ஓடவில்லை.

சிரிக்காதீர்கள், தோழர்களே. 1996-இல் நாம் என்ன செய்துகொண்டிருந்தோம்? ராஜபாளையம் பக்கத்து இளைஞர் ஒருவர் பச்சிலையும் தண்ணீரும் கொதிக்கவைத்து மூலிகை பெட்ரோல் செய்வதாகச் சொன்னபோது, டெல்லி வரை அழைத்துப் போய் அரசாங்க விஞ்ஞானிகள் முன்னால் செய்துகாட்ட வைத்தார்கள். தமிழன் உலகத்துக்கே விடிவு கொடுத்துவிட்டான் என்று இந்த நகரத்துத் தமிழர்களும் மார்தட்டினோம். நம் சங்கத்திலேயே இனிப்பு வழங்கியதாக மூத்தவர்கள் சொல்கிறார்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் கண்காணிப்போடு சோதித்தபோது அந்தக் கூற்று நிற்கவில்லை. அப்போதும், "பாமரன் என்பதால் மட்டம் தட்டுகிறார்கள்" என்ற பேச்சு வந்தது. பாமரனை மட்டம் தட்டுகிறவர்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள். அதை நம்மைவிட அறிந்தவர் யார்? அதனால்தான் அந்தப் பேச்சு நம்மிடம் எளிதில் விலைபோகிறது. ஆனால் தண்ணீர் சாதி பார்ப்பதில்லை. பட்டம் பெற்றவன் பிரித்தாலும் பாமரன் பிரித்தாலும் அது கேட்கிற விலை ஒன்றே.

பணக்கார நாடுகளும் தப்பவில்லை. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஸ்டான்லி மேயர் என்பவர் தண்ணீரில் ஓடும் வண்டி என்று சொல்லி முதலீடு திரட்டினார். பணம் போட்ட இருவர் வழக்குத் தொடுத்தார்கள். நிபுணர்கள் கருவியைப் பிரித்துப் பார்த்து, இது சாதாரண மின்பகுப்புதான் என்றார்கள். அப்பட்டமான மோசடி என்று 1996-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்துப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. 1998-இல் அவர் இறந்தபோது மூளை இரத்தக்குழாய் வெடிப்பு என்று பரிசோதனை சொல்லியது. நஞ்சு வைத்துவிட்டார்கள் என்று வதந்தி சொல்லியது. நம் தோழர்களின் கைப்பேசிகளில் இன்று சுற்றுவது அந்த வதந்திதான். ஜப்பானில் ஜெனிபாக்ஸ் என்ற நிறுவனம் 2008-இல் ஒசாகாவில் தண்ணீர்க் கார் என்று காட்டியது. மறு ஆண்டே கடையைக் கட்டிவிட்டது.

"எண்ணெய்க் கம்பெனிகள்தான் அமுக்கி வைத்திருக்கின்றன" என்ற வாதத்துக்கு வருவோம். செயற்குழுவில் இதைச் சொன்னவர் நம்மில் அரசியல் நன்கு படித்தவர். அவருக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை நமக்கு உண்டு.

எண்ணெய் முதலாளிகள் யோக்கியர்கள் என்று இந்தச் சங்கம் ஒருநாளும் சொல்லாது. 1951-இல் ஈரான் தன் எண்ணெயைத் தேச உடைமையாக்கியது. 1953-இல் பிரிட்டனும் அமெரிக்காவும் சேர்ந்து மொசாதேக் ஆட்சியைக் கவிழ்த்தன. அமெரிக்க நகரங்களில் டிராம் கம்பெனிகளை வளைத்துப்போட்டு பஸ், பெட்ரோல் விற்பனையை ஏகபோகமாக்கச் சதி செய்தார்கள் என்று ஜெனரல் மோட்டார்ஸும் எண்ணெய்க் கம்பெனிகளும் 1949-இல் நீதிமன்றத்தில் குற்றவாளிகள் என்று தீர்க்கப்பட்டன. எக்ஸான் கம்பெனியின் சொந்த விஞ்ஞானிகளே 1970-களின் பிற்பகுதியிலிருந்து புவி எவ்வளவு சூடேறும் என்று சரியாகக் கணித்து வைத்திருந்தார்கள். கம்பெனியோ வெளியே சந்தேகத்தைப் பரப்பிக்கொண்டிருந்தது. இவையெல்லாம் ஆவணத்தோடு வெளிவந்த சதிகள். ஆள் பெயர், தேதி, கையெழுத்து எல்லாம் இருக்கிறது. தண்ணீர்க் கார் சதிக்கு அப்படி ஒரு காகிதமாவது உண்டா? உண்மையான சதியைப் பேச வேண்டிய வாயை, இல்லாத சதியைப் பேசவைத்து அடைக்கிறார்கள்.

நம் பையில் கை வைப்பவர்களுக்கு ரகசியம் எதுவும் தேவைப்படவில்லை. 2020-ஐ நினைத்துப் பாருங்கள். ஊரடங்கில் வண்டிகள் ஓடாமல் நின்றன. ஏப்ரல் 20 அன்று அமெரிக்கச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை பூஜ்யத்துக்கும் கீழே போனது. அந்த ஆதாயம் நமக்கு வந்ததா? மார்ச்சில் லிட்டருக்கு 3 ரூபாய், மே மாதம் பெட்ரோலுக்கு 10 ரூபாய், டீசலுக்கு 13 ரூபாய் என்று மத்திய அரசு கலால் வரியை ஏற்றியது. பெட்ரோல் மீதான மத்திய வரி 19 ரூபாய் 98 காசிலிருந்து 32 ரூபாய் 98 காசு ஆயிற்று. அந்த 32 ரூபாய் 98 காசில் மாநிலங்களோடு பங்கிட வேண்டிய அடிப்படைக் கலால் எவ்வளவு தெரியுமா? 2 ரூபாய் 98 காசு! மீதி முப்பது ரூபாயும் சிறப்புக் கூடுதல் வரி, சாலை செஸ் என்ற பெயர்களில் டெல்லியிலேயே தங்கிவிட்டது. மாநில அரசின் வாட் வேறு. அதிலும் மும்பைக்காரன் கொடுத்தது சாதாரணமல்ல. 2021-இல் இந்த நகரில் பெட்ரோல் நூறு ரூபாயைத் தாண்டியது. 2021 நவம்பரிலும் 2022 மே மாதத்திலும் வரியைக் குறைத்தார்கள். ஏற்றிய 13 ரூபாயைத்தான் இரண்டு தவணையில் இறக்கினார்கள். இதற்கு நன்றி அறிவிப்பு சுவரொட்டி வேறு!

நூறு ரூபாய் பெட்ரோல்தான் பதினெட்டாயிரம் ரூபாய் பாட்டிலை விற்கிறது. பாகிஸ்தானில் மின்வெட்டும் வாயுத் தட்டுப்பாடும் விற்றதைப் போல.

இனி அரசு பேசுகிற ஹைட்ரஜன். பாட்டில் விற்பவர் இதையும் நன்றாகப் பயன்படுத்திக் கொள்கிறார். 2022 மார்ச்சில் அமைச்சர் கட்கரி ஹைட்ரஜன் காரில் நாடாளுமன்றத்துக்கு வந்த படத்தைத் தம் விளம்பரத்தில் போட்டிருக்கிறார். அது டொயோட்டா மிராய். அது தண்ணீரை ஊற்றி ஓடும் கார் அல்ல. வேறெங்கோ தயாரித்து அழுத்தி நிரப்பிய ஹைட்ரஜனில் ஓடுவது. புகைக்குழாயில் தண்ணீர் வெளியே வருகிறது. உள்ளே போவதையும் வெளியே வருவதையும் மாற்றிச் சொல்லி வியாபாரம் நடக்கிறது!

2023 ஜனவரியில் மத்திய அமைச்சரவை பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு 19,744 கோடி ரூபாய் ஒதுக்கியது. 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் என்பது இலக்கு. கொச்சி கப்பல் கட்டும் தளத்தில் கட்டிய ஹைட்ரஜன் படகை 2024 பிப்ரவரியில் தூத்துக்குடி விழாவில் தொடங்கி வைத்தார்கள். 2025 ஜூலையில் நம் பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிலாளர்கள் ஹைட்ரஜன் ரயில் பெட்டியைச் சோதித்து வெற்றி கண்டார்கள். பெருமைப்பட வேண்டிய செய்திதான். ஆனால் கணக்கை இங்கேயும் போடுவோம். 50 லட்சம் டன்னுக்குத் தண்ணீரே 4,500 கோடி லிட்டர் வேண்டும். மும்பைக்கு ஒரு நாளைக்கு வருவது ஏறக்குறைய 400 கோடி லிட்டர். ஆக இந்த நகரம் பதினோரு பன்னிரண்டு நாள் குடிக்கிற தண்ணீர். நாடு முழுமைக்கும் அது பெரிதல்ல. ஒரே கடற்கரையில், ஏற்கெனவே வறண்ட வட்டத்தில், ஆலைகளைக் குவித்தால் அங்கிருப்பவருக்குப் பெரிது. மின்சாரம்? கிலோவுக்கு 50 யூனிட் வீதம் 25,000 கோடி யூனிட்! தட்டுப்பாடு தண்ணீரில் இல்லை, அதைப் பிரிக்கிற மின்சாரத்தில்.

அந்த ஹைட்ரஜன் உரத்துக்கும் எண்ணெய்ச் சுத்திகரிப்புக்கும் எஃகுக்கும் முதலில் போகட்டும். அங்கே இப்போது இயற்கை வாயுவை உடைத்துத்தான் ஹைட்ரஜன் எடுக்கிறார்கள். காருக்கு அது ஏற்றதா என்பதில் நமக்கு ஐயம் உண்டு. நூறு யூனிட் மின்சாரத்தை நேரே பேட்டரியில் ஏற்றினால் எழுபதாவது சக்கரத்துக்குப் போகும். அதையே தண்ணீரைப் பிரித்து, அழுத்தி, சுமந்து, மீண்டும் மின்சாரமாக்கினால் முப்பதுதான் தேறும். எனவே ஓட்டுநர் தோழர்கள் நாளைக்கு மாற வேண்டியிருப்பது பெரும்பாலும் மின்சார வண்டிக்கு. அதற்குக் கடன் யார் கொடுப்பது, என்ன வட்டி, சார்ஜ் போடும் இடம் நம் பகுதியில் எங்கே என்பவைதான் நாம் கேட்க வேண்டிய கேள்விகள். பொதுக் குழாயில் விடியற்காலையில் குடம் வரிசை வைக்கிற தாய்மார்கள் இங்கே இருக்கிறார்கள். தண்ணீரில் கார் ஓடும் என்று அவர்கள் முன்னால் சொல்லவே நமக்கு நா கூசுகிறது.

ஆபத்தையும் சொல்லிவிட வேண்டும். ஹைட்ரஜன் காற்றில் நூற்றுக்கு நாலு பங்கு இருந்தாலே தீப்பிடிக்கும். பாட்டிலில் வருவதோ பிராணவாயுவோடு கலந்தே வருகிறது. ஒரு பொறி போதும். சிலர் சோடா உப்பு போதாதென்று காஸ்டிக் சோடா போடுகிறார்களாம். கண்ணில் தெறித்தால் பார்வை போய்விடும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, பதிவில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றியமைக்கக் கூடாது. விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் தேடுவது இந்த மாதிரி ஒரு சாக்கைத்தான்.

ஆகவே செயற்குழு பெரும்பான்மையாக எடுத்த முடிவு இது: சேமநல நிதியிலிருந்து இந்தப் பாட்டிலுக்கு ஒரு பைசாவும் கடன் கிடையாது. விற்பவரின் நன்கொடை வேண்டாம் என்று எழுதி அனுப்பிவிட்டோம். முடிவை எதிர்த்த இரு தோழர்களும் இந்த அரங்கில்தான் இருக்கிறார்கள். அவர்கள் விரும்பினால் மேடைக்கு வந்து பேசலாம். பாட்டிலை மாட்டி, கழற்றி, ஒரே வழியில், ஒரே சுமையோடு, டேங்கை நிரப்பி அளந்து பார்க்கலாம் என்று அவர்கள் கேட்டார்கள். ஒப்புக்கொண்டோம். வரும் மாதம் அளந்து, வருகிற எண்ணை அப்படியே இந்த இதழில் வெளியிடுவோம்.

முன்பணம் கட்டிய பதினான்கு பேரும் ரசீதை எடுத்துக்கொண்டு அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்க அலுவலகத்துக்கு வாருங்கள். ரசீது இல்லாதவர்கள் பணம் அனுப்பிய கைப்பேசியைக் கொண்டு வாருங்கள். நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கு மனு எழுத வழக்கறிஞர் ஒருவர் வர இசைந்திருக்கிறார். ஊருக்குப் போயிருப்பவர்கள் இருந்தால் அவர்கள் வீட்டாரிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.